பைபாஸுக்குப் பிறகு நாளுக்கு இரண்டே சிகரெட்: விட்டுப்பிடிக்கலாமா?

மேலூர் பக்கமிருந்து நீங்கள் எழுதிய கேள்வியைச் சுருக்கினால் இதுதான். அப்பாவுக்கு 58 வயது, சுகர் உண்டு, 30 வருடமாக நாளுக்குப் பதினைந்து, பதினெட்டு சிகரெட். ஐந்து வாரத்துக்கு முன் மதுரையில் பைபாஸ் செய்து மூன்று மாற்றுக்குழாய் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை சிகரெட்டைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்தபின் டீக்கடையில் மறுபடி ஆரம்பித்து, இப்போது நாளுக்கு இரண்டு. "ஒரேயடியா விட்டா உடம்பு தாங்காது, கொஞ்சங்கொஞ்சமா குறைச்சுக்கிறேன்" என்கிறார். நிக்கோடின் கம் (சிகரெட் ஆசையை அடக்க வாயில் போட்டு மெல்லும் மருந்து) தரலாமா, என்ன சாப்பாடு, எவ்வளவு நடை என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, இந்த இரண்டு சிகரெட்டுக்காக அப்பாவிடம் மல்லுக்கு நிற்பது அவசியமா, விட்டுப்பிடிக்கலாமா என்பதைத்தான். விட்டுப்பிடிக்கக் கூடாது. மல்லுக்கு நின்றும் காரியம் ஆகாது. எப்படிச் செய்வது என்பதைச் சொல்கிறேன். அவருடைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்க்காமல் மாத்திரை அளவைப் பற்றி மட்டும் யாரும் எழுத்தில் சொல்ல முடியாது. அதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

பதினெட்டு இரண்டாகிவிட்டது, ஆபத்தும் ஒன்பதில் ஒன்றாகிவிட்டது என்று தோன்றுவது இயல்பு. நுரையீரல் புற்றுநோயில் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும், இதயத்தில் பொருந்தாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான அலசலில், நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்குக் கூடுதலாக ஏற்படும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் இருந்தது. காரணம், புகை உள்ளே போன சில நிமிடங்களிலேயே, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தயாராகின்றன, ரத்தக்குழாயின் உட்சுவர் விரிந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது, கார்பன் மோனாக்சைடு ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இது முதல் சிகரெட்டிலேயே பெருமளவு நடந்துவிடுகிறது. அப்பா தினமும் ஆஸ்பிரின் போடுவதே தட்டணு ஒட்டாமல் இருக்கத்தான். மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, சிகரெட் மறுபக்கம் இழுக்கிறது.

இன்னொன்றை அவருக்கு நிதானமாகப் புரியவைக்க வேண்டும். பைபாஸ் அடைப்பை நீக்கும் ஆபரேஷன் அல்ல. அடைப்பு அப்படியேதான் இருக்கிறது, அதைச் சுற்றி வேறு வழி போட்டிருக்கிறார்கள். வழக்கமாக ஒரு குழாயை மார்பின் உட்புறத் தமனியிலிருந்தும், மற்றவற்றைக் காலிலிருந்து எடுத்த சிரையிலிருந்தும் வைப்பார்கள். மார்புத் தமனி உறுதியானது. 10 ஆண்டு கழித்தும் நூறில் தொண்ணூறுக்கு மேல் திறந்தே இருக்கிறது. கால் சிரை அப்படியல்ல. அது இதயத்தின் அழுத்தத்தைத் தாங்கப் பிறந்த குழாய் இல்லை. புதிய இடத்தில் அதன் உட்சுவர் தடிக்கத் தொடங்கும். முதல் ஆண்டிலேயே நூறில் பத்துக்கு மேல் அடைபடுவதுண்டு, 10 ஆண்டில் பாதிவரை போகும் என்பது பழைய கணக்கு. இப்போதைய கொழுப்பு மாத்திரைகளால் நிலைமை கொஞ்சம் மேல். அந்தத் தடிப்பை விரைவுபடுத்துவதில் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. இதயநோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு அலசலில், புகையை நிறுத்தியவர்களிடையே இறப்பு, தொடர்ந்தவர்களைவிட 36 சதவீதம் குறைவாக இருந்தது. எந்த ஒரு மாத்திரையும் தரும் பலனுக்குக் குறைந்ததல்ல இது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

"உடம்பு தாங்காது" என்ற பேச்சு எங்கிருந்து வந்ததென்றால், அது சாராயத்துக்குப் பொருந்தும் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு, பிதற்றல் வரலாம். அது உண்மையிலேயே ஆபத்து. அப்பாவுக்கு அந்தப் பழக்கமும் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நிக்கோடினுக்கு அது பொருந்தாது. விட்டவுடன் எரிச்சல், படபடப்பு, தூக்கக் குறைவு, கவனம் சிதறுதல் எல்லாம் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். உயிருக்கு ஆபத்தில்லை. படிப்படியாகக் குறைப்பது நல்லதா என்றால், 2016இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்றில், ஒரே நாளில் விட்டவர்களில் நூற்றுக்கு 49 பேரும், குறைத்துக் குறைத்து விட்டவர்களில் 39 பேரும் நான்கு வாரம் கழித்துப் புகையில்லாமல் இருந்தார்கள். குறைத்து விடுவதே முடியாது என்றில்லை. ஆனால் ஐந்து வாரத்துக்கு முன் நெஞ்சைத் திறந்தவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

அப்பா ஏற்கெனவே கடினமான பகுதியைக் கடந்துவிட்டார் என்பதை அவரே உணரவில்லை என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் மயக்கத்திலும் வலியிலும் இருந்த நாட்களிலேயே உடம்பின் நிக்கோடின் தேவை பெரும்பகுதி இறங்கிவிட்டது. இப்போது அவரை இழுப்பது நேரமும் இடமும். ஆகவே "ஏம்ப்பா குடிச்சீங்க?" என்று கேட்காமல், "எத்தனை மணிக்கு, எங்க வச்சு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இப்படித்தான் இருக்கும்: விடிகாலை ஐந்தரைக்கு டீக்கடையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. அந்த இரண்டு நேரத்தையும் மாற்றுங்கள். காலை டீயை வீட்டிலேயே கொடுத்து, குடித்த கையோடு யாராவது ஒருவர் கூட நடக்கப் போங்கள், கடை இருக்கும் தெருவை விட்டு. மதியம் சாப்பிட்டு எழுந்ததும் வாய் கொப்பளித்து ஒரு ஏலக்காய் அல்லது கிராம்பு. உட்காரும் நாற்காலியைக்கூட மாற்றி வையுங்கள். கடைக்காரரிடம் நேரில் போய், "அண்ணே, அப்பாவுக்கு நெஞ்சுல ஆபரேசன் ஆயிருக்கு, கேட்டாலும் சில்லறையில குடுக்காதீங்க" என்று சொல்லிவிடலாம்; அப்பாவுக்குத் தெரிந்தே சொல்லுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். ஒரு தடவை எழும் ஆசை மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் உச்சத்தில் நிற்கும், பத்து நிமிடத்தில் தணியும். அந்தப் பத்து நிமிடத்தைக் கடத்த ஒரு டம்ளர் தண்ணீர், கைக்கு ஒரு வேலை, போனில் ஒரு பேச்சு என்று எதுவானாலும் சரி.

பலரும் வெளியே சொல்லக் கூச்சப்படும் காரணம் ஒன்று உண்டு: "ஒண்ணு இழுத்தாத்தான் வெளிக்கு வரும்." இது சாக்கு அல்ல. நிக்கோடின் குடலைத் தூண்டும், நிறுத்தினால் சில வாரம் மலச்சிக்கல் வருவது உண்மை. ஆபரேஷனுக்குப் பின் தரும் வலி மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரையும் அதைக் கூட்டும். முக்கினால் மார்பெலும்புக்கும் பிரஷருக்கும் கெடுதல். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், தினம் ஒரு கொய்யா, வாழைத்தண்டுப் பொரியல், கீரை, இரவு ஒரு தேக்கரண்டி இசப்கோல் உமி ஒரு முழு டம்ளர் தண்ணீரில். தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுக்குள் இதை வையுங்கள். இசப்கோலுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால் டாக்டரிடம் மலமிளக்கி கேட்கலாம். இந்தச் சின்ன விஷயம் சரியானாலே காலை சிகரெட் போய்விட்டவர்கள் நிறையப் பேர்.

இனி கம். இதய நோயாளிக்கு நிக்கோடின் கம் ஆபத்து என்று மருந்துக் கடையிலேயே சிலர் பயமுறுத்துவார்கள். சிகரெட்டில் குழாயைக் கெடுப்பவற்றில் கார்பன் மோனாக்சைடும் எரிந்த புகையின் நச்சுகளும் முக்கியம். கம்மில் அவை கிடையாது, நிக்கோடினும் மெதுவாக, குறைவாகத்தான் ஏறும். மாரடைப்பு வந்த முதல் இரண்டு வாரம், கட்டுக்கடங்காத நெஞ்சுவலி, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவற்றில் மட்டும் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. ஐந்தாவது வாரத்தில், துடிப்பு சீராக இருப்பவருக்கு, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு 2 மி.கி. கம் தரலாம். இப்போது நாளுக்கு இரண்டு பிடிப்பவருக்கு 4 மி.கி. தேவைப்படாது. கம் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலானோர் அதைச் சூயிங்கம் மாதிரி மென்றுவிடுகிறார்கள். அப்படி மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்தான் மிச்சம். அது கன்னத்தின் உள்தோல் வழியாக ஏற வேண்டியது. மெதுவாக பதினைந்து தடவை போல மெல்ல வேண்டும்; மிளகு கடித்தது போல் காரமும் நாக்கில் குறுகுறுப்பும் வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். குறுகுறுப்பு அடங்கியதும் மறுபடி நாலைந்து தடவை மென்று மறுபக்கம் ஒதுக்க வேண்டும். அரை மணி நேரத்தில் துப்பிவிடலாம். வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து, வாயில் இருக்கும்வரை, காபி, டீ, எலுமிச்சைச் சாறு, சோடா எதுவும் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோடின் ஏறாது. டீயும் கம்மும் ஒரே நேரத்தில் என்றால் காசு வீண். ஆசை வந்தபின் தேடாமல், ஆசை வரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பாவுக்கு நாளுக்கு நான்கைந்து போதும். ஆறு வாரம் கழித்துக் குறைத்து, பன்னிரண்டாம் வாரத்தோடு நிறுத்த வேண்டும். பல்செட் கட்டியிருந்தால் கம் ஒட்டிக்கொள்ளும், அதற்கு வாயில் கரையும் மிட்டாய் வடிவம் இருக்கிறது.

மறுபடி பத்து சிகரெட்டைத் தாண்டிவிட்டால் கதை வேறு. அப்போது தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டை, அல்லது புகை ஆசையைக் குறைக்கும் வரெனிக்ளின் மாத்திரை டாக்டர் எழுதித் தர வேண்டியிருக்கும். வரெனிக்ளினுக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அளவு. குமட்டலும் விசித்திரக் கனவுகளும் வரலாம். பியூப்ரோபியான் என்ற இன்னொரு மாத்திரை, பைபாஸ் ஆனவர்கள் பலரும் போடும் மெட்டோப்ரோலாலின் அளவை ரத்தத்தில் ஏற்றி, நாடித்துடிப்பைக் குறைத்துவிடும். எழுதித் தருபவர் யாராக இருந்தாலும் இதய மாத்திரைச் சீட்டைக் காட்டுங்கள். சிகரெட்டுக்குப் பதில் பீடி என்பது மோசமான பண்டமாற்று. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் கார்பன் மோனாக்சைடு சிகரெட்டுக்குக் குறையாமல் போகிறது. ஹான்ஸ், கூல் லிப், வெற்றிலையோடு புகையிலை எல்லாவற்றிலும் நிக்கோடின் ஏராளம். பழக்கம் இடம் மாறும், ஒழியாது. மின்சிகரெட்டை 2019இல் இந்தியாவில் சட்டமே தடைசெய்துவிட்டது. மூலிகை சிகரெட் என்று விற்பதும் எரியும் புகைதான். ஊசி குத்தும் சிகிச்சை, மனவசிய சிகிச்சை ஆகியவற்றுக்கு உறுதியான சான்று இல்லை. தடுக்கவும் வேண்டாம், அதை மட்டும் நம்பவும் வேண்டாம். சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800 11 2356 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசுவார்கள். பெரியாஸ்பத்திரியில் இதய நோய்ப் பிரிவுக்கு ரிவியூ போகிறவர் என்றால், அங்கேயே மனநலப் பிரிவில் காட்டி ஆலோசனை பெறலாம்.

புகை நின்றதும் உடம்பில் சில மாற்றங்கள் வரும். முன்பே தெரியாவிட்டால் "விட்டதாலதான் இப்படி" என்று திரும்பப் போய்விடுவார்கள். புகையில் உள்ள சில பொருள்கள் ஈரலைத் தூண்டி காபியின் வீரியத்தைச் சீக்கிரம் முறிக்கின்றன. புகை நின்றால் அதே இரண்டு டம்ளர் காபி இரண்டு மடங்கு நேரம் உடம்பில் தங்கி, படபடப்பும் தூக்கமின்மையும் தரும். காபி, டீயைப் பாதியாக்குங்கள், மாலை நாலு மணிக்கு மேல் வேண்டாம். சுகருக்கு இன்சுலின் போடுகிறவர் என்றால் அது முன்னைவிட நன்றாக வேலை செய்து சுகர் இறங்கவும் செய்யலாம், பசி கூடிச் சாப்பாடு மிகுந்து ஏறவும் செய்யலாம். முதல் மாதம் வாரம் இரண்டு தடவை வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பாருங்கள். இருமலும் சளியும் சில வாரம் கூடும். நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்யும் வேலை அது. இருமல் வரும்போதெல்லாம் தலையணையை நெஞ்சோடு இறுக அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். மார்பெலும்பைக் கம்பியால் இறுக்கியிருக்கிறார்கள், அது நன்றாகக் கூட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், மண்வெட்டி, எக்ஸ்எல் வண்டியை ஸ்டாண்டு போடுவது எதுவும் வேண்டாம். வண்டி ஓட்டுவதும் டாக்டர் சம்மதித்த பிறகுதான். புகை எலும்பு கூடுவதையும் கால் தையல் ஆறுவதையும் தாமதப்படுத்தும், சுகர்காரருக்கு இன்னும் அதிகமாக.

சாப்பாட்டைப் பற்றி ஊரில் எல்லோரும் அறிவுரை சொல்லியிருப்பார்கள், அதனால் இரண்டு மூன்று விஷயம் மட்டும். உப்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு தேக்கரண்டி, 5 கிராம். சமையலில் குறைத்துவிட்டு ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய், அப்பளத்தில் திரும்ப வாங்கிக்கொண்டால் பயனில்லை. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். பரோட்டா, சால்னா, எண்ணெய்ச் சுக்கா, குடல், ஈரல் வேண்டாம். திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயில் போட்ட வடையை விடுவது, சிகரெட் பிடித்த அதே கடைக்குப் போகாமல் இருக்கவும் உதவும். ஜிகர்தண்டா சுண்டிய பாலும் சர்க்கரையும். சுகர்காரருக்கு அது விருந்தாளி வந்த நாளுக்குக்கூட வேண்டாம். குழம்பு மீன் வாரம் இரண்டு நாள் நல்லது. வாய் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும், அதற்குச் சுண்டல், வெள்ளரிப் பிஞ்சு, உப்பில்லா மோர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முதல் ஆண்டில் நாலைந்து கிலோ கூடுவது சகஜம். அந்தப் பயத்தில் சிகரெட்டுக்குத் திரும்புவதைவிட அந்த எடை எவ்வளவோ மேல். இளநீர் விஷயத்தில் கவனம்: ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற பிரஷர், இதய மாத்திரை போடுகிறவருக்கு, அதிலும் சிறுநீரகத்தின் வேலை சற்றே குறைவாக இருந்தால், பொட்டாசியம் ஏறிவிடும். கேட்காமல் தினமும் கொடுக்காதீர்கள்.

நடை, வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஐந்து நிமிடம் இரண்டு வேளை என்று ஆரம்பித்து, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுவது வழக்கம். ஐந்தாவது வாரத்தில் ஒரே மூச்சில் இருபத்தைந்து, முப்பது நிமிடம் சமதளத்தில் நடக்க முடிந்தால் சரியான பாதையில் போகிறார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. நம்மூர் வெயிலுக்குக் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள், சாப்பிட்டவுடன் நடக்க வேண்டாம். ரிவியூவுக்காக மதுரையில் தங்கினால் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும், மேடு பள்ளம் இல்லாதது. அழகர்கோவில் போனால் அடிவாரக் கோயிலோடு நிறுத்துங்கள். பழமுதிர்சோலை ஏற்றத்தை மூன்று மாதம் கழித்து, டிரெட்மில் பரிசோதனை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம். சிரை எடுத்த கால் வீங்கினால் உட்காரும்போது தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஒருநாள் வழுக்கிப் பிடித்துவிட்டார் என்றால், அதோடு எல்லாம் போச்சு என்று வீடு இடிந்து உட்கார வேண்டாம். சட்டைப் பையைத் துழாவுவது, வாயை முகர்ந்து பார்ப்பது, பேரப்பிள்ளை மேல் சத்தியம் வாங்குவது மூன்றும் அவரைப் பொய் சொல்லப் பழக்கும். அடுத்த வேளையிலிருந்து மறுபடி ஆரம்பித்தால் போதும். வீட்டில் நீங்களோ மாமாவோ புகைக்கிறவராக இருந்தால், அப்பா இருக்கும் வீட்டுக்குள்ளும் காரிலும் பிடிக்கக் கூடாது. அடுத்தவர் புகையும் அதே குழாய்களைத்தான் தொடுகிறது. பைபாஸுக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை, எதிலும் பிடிப்பின்மை, "நான் இருந்து என்ன" என்ற பேச்சு வருவது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பலவீனம் அல்ல, சிகிச்சை உள்ள நோய். சிகரெட்டுக்கு அவரைத் திருப்பி அனுப்புவதும் பல வீடுகளில் இதுதான்.

ஓய்வெடுத்தும் போகாத நெஞ்சுவலி அல்லது இறுக்கம், வியர்வையோடு மூச்சுத்திணறல் வந்தால் 108. ஆட்டோ, சொந்த வண்டி வேண்டாம். துடிப்பு தாறுமாறாக ஓடுவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சீழ், இருமும்போது மார்பெலும்பு 'கடக்' என்று அசைவது, ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வலியோடு வீங்குவது, இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடுவது, இவற்றுக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடுத்த ரிவியூவுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, போடும் எல்லா மாத்திரை அட்டைகள், வீட்டில் எழுதிய சுகர், பிரஷர் அளவுகள், கம் எத்தனை, சிகரெட் எத்தனை என்ற உண்மையான கணக்கு நான்கையும் கொண்டு போங்கள். கெட்ட கொழுப்பு எல்.டி.எல். 55க்குக் கீழே இருக்கிறதா, பிரஷர் 130/80க்குள் இருக்கிறதா, மூன்று மாதச் சுகர் சராசரி அப்பாவுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் "இப்பத்தான் நல்லா இருக்கே" என்று யார் சொன்னாலும் தானாக நிறுத்தக் கூடாதவை. பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்ட பிறகுதான்.